இரண்டாவது வளைவில் மேர்சி

ஓய்வுபெற்ற மூன்றாவது வருடம்தான் மேர்சி ஞானேஸ்வரன் தனக்கென்று ஒரு விமான டிக்கெட் எடுத்தாள். அதுவரை பறந்ததெல்லாம் பிறருக்காக. தங்கை மகளின் கல்யாணத்துக்கு டொரொன்டோ, அண்ணனின் செத்தவீட்டுக்குக் கொழும்பு, கணவரின் பழைய மாணவர் சங்கத்துக்கு மறுபடியும் டொரொன்டோ. இந்த முறை அவள் போகவிருந்தது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள வெல்பரோ என்ற சிறிய துறைமுக ஊருக்கு. அங்கே ஒரு மைதானத்தில் நின்று மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க வேண்டும். வேறு காரியம் எதுவும் இல்லை.

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் அவளைத் தெரிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். ஃப்ரீவேயில் கார் ஓட்டும்போது மெதுவாகப் போகிறவர்களின் வலது ஓர லேனை விட்டு அசையாதவள். சபையில் ஒரு பெண், "மேர்சி அன்ரி, உங்களுக்கு பைக் ரேஸ் எல்லாம் பிடிக்குமா?" என்று கேட்டதற்கு, "ஓம் பிள்ளை, பிடிக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்லப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் என்பது 1971. மானிப்பாயிலிருந்து இருபது வயதில், நர்ஸ் பயிற்சிக்காக வெல்பரோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். கடல்காற்று எலும்பு வரை குளிர்ந்தது. சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வார்டில் ஒரு கிழவர் அவள் கையைத் தட்டிவிட்டு வெள்ளைக்கார நர்ஸைக் கூப்பிடச் சொன்னார். மேர்சி கூப்பிட்டாள். ஊருக்கு எழுதிய கடிதங்களில் தான் நல்ல சுகம் என்றே எழுதினாள்.

வியாழக்கிழமை மாலைகளில் விபத்துப் பிரிவில் வேலை விழுந்தால், தோல் உடுப்புப் போட்ட இளைஞர்கள் யாராவது வருவார்கள். முகம் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். கழுத்தெலும்போ மணிக்கட்டோ முறிந்திருக்கும். அப்படி வந்த ஒருவன், உடுப்பை வெட்ட அவள் கத்தரிக்கோலை எடுத்தபோது, "வேண்டாம் சிஸ்டர், மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கடைசிப் பந்தயத்துக்கு நான் திரும்பிப் போக வேண்டும்" என்றான். எலும்பு இரண்டாகக் கிடக்கும்போது ஒருவன் எதற்காகத் திரும்பிப் போகத் துடிக்கிறான் என்பது மேர்சிக்கு விளங்கவில்லை. கூட வேலை பார்த்த பாலினிடம் கேட்டாள். பாலின் சிரித்துவிட்டு, "அடுத்த வியாழன் உனக்கு லீவுதானே? கோட்டை மாட்டிக்கொண்டு வா" என்றாள்.

அந்தப் பந்தயத்துக்கு ஸ்பீட்வே என்று பெயர். நீள்வட்டமான மண்பாதையில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வண்டிக்கு பிரேக் கிடையாது. வளைவில் வேகத்தைக் குறைக்காமல், பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டே திருப்புவார்கள். முதலில் வருபவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசியாக வருபவனுக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒரு மாலையில் பல பந்தயங்கள் நடக்கும். வெல்பரோ அணிக்கு 'ஹெரன்ஸ்' என்று பெயர். நாரைகள். கரையோரச் சேற்றில் அந்த ஊரில் அவைதான் அதிகம்.

பாலினும் அவள் தம்பி கென்னும் வழக்கமாக நிற்கும் இடம் இரண்டாவது வளைவு. மேர்சி குள்ளம் என்பதால் யாரோ முன்னால் வழிவிட்டார்கள். யாரோ ஒரு கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டார்கள். முதல் பந்தயத்துக்கு, தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே எழும்பி, நான்கு வண்டிகளும் ஒன்றாகச் சீறிக்கொண்டு அவளை நோக்கித் திரும்பியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது பந்தயத்தில் மூடவில்லை. வண்டிகளின் எஞ்சினில் ஊற்றும் ஆமணக்கெண்ணெய் எரியும் வாசனை மூக்கிலேயே நின்றது. அங்கே அவளிடம் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. சிவப்புத் தலைக்கவசம் ஜெயிக்குமா, நீலம் ஜெயிக்குமா என்று மட்டும் கேட்டார்கள். அதற்குப் பிறகு லீவு கிடைத்த எந்த வியாழனையும் அவள் தவறவிட்டதில்லை.

1980இல் ஞானேஸ்வரனைக் கட்டினாள். கொக்குவில்காரர், ரசாயனப் பொறியாளர். அவர் சைவம், இவள் வேதம், அதாவது கிறிஸ்தவம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு சரியாகிவிட்டார்கள். அவர் அமைதியான மனிதர். மனைவியின் வியாழக்கிழமை விசித்திரத்தை அவர் தடுத்ததும் இல்லை, கூடப் போனதும் இல்லை.

ஒரே ஒருமுறைதான் அவர் கோபப்பட்டார். 83 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் இருந்த மேர்சியின் அண்ணனுக்கு லைன் கிடைக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இருவரும் வானொலிக்கு முன்னாலேயே இருந்தார்கள். வியாழன் மாலை மேர்சி எழுந்து கோட்டை எடுத்தாள்.

"நாடு எரியுது, நீர் ரேஸ் பாக்கப் போறீரோ?" என்றார்.

"இதுக்குள்ள இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று யார் ஜெயித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பாலின் அவள் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கென் விஷயத்தைக் கேட்டான். அவனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அண்ணனின் எண்ணையும், அண்ணனைத் தெரிந்த வேறு எவருடைய எண் ஞாபகம் இருந்தாலும் அதையும் தரச் சொன்னான். பந்தயம் முடியும்வரைகூட நிற்காமல் புறப்பட்டுப் போனான். தன் வேலை நேரத்திலும், வேலை முடிந்த பிறகும் லண்டனில் இருந்த ஆபரேட்டர்களைப் பிடித்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். சனிக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. அண்ணனுடைய அலுவலகத்துச் சிங்கள நண்பர் ஒருவர் லைனில் இருந்தார். வீடு போய்விட்டது, ஆட்கள் உயிரோடு அகதி முகாமில் இருக்கிறார்கள் என்றார். மேர்சி கீழே உட்கார்ந்துவிட்டாள். ஞானேஸ்வரன் அந்தச் சண்டையைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை.

இரண்டு வருடத்தில் அவருக்கு நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. கைக்குழந்தை நிரோஜனோடு பிஸ்கட்டவேக்கு வந்தார்கள். வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு என்று வருடங்கள் ஓடின. ஸ்பீட்வே பற்றிக் கேள்விப்பட்ட ஒரு மனிதரைக்கூட மேர்சி அமெரிக்காவில் சந்திக்கவில்லை. ஆரம்பத்தில் பாலின் பத்திரிகைத் துண்டுகளைத் தபாலில் அனுப்பினாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் போன். அதற்கும் பிறகு இணையம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னால், நாரைகள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று பார்ப்பாள். முப்பத்தைந்து வருடம் அவள் ஒரு பந்தயத்தைக்கூட நேரில் பார்க்கவில்லை. அதனால்தான் அந்த டிக்கெட். 2020 ஏப்ரல்.

மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியது. பந்தயங்களை முதலில் ஒத்திவைத்தார்கள், கோடையில் அந்த வருடம் பந்தயமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட் ரத்தானதைப் பற்றி மேர்சிக்குக் கவலைப்படக்கூட நேரம் இருக்கவில்லை. நிரோஜன் டாக்டர். நியூ ஜெர்சி ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் நடைபாதைகளில் படுத்திருந்த நாட்கள் அவை. ஓய்வுபெற்ற நர்ஸ்கள் திரும்ப வரலாம் என்று மாநில அரசு அழைப்பு விட்டிருந்தது. ஒரு ஞாயிறு மதியம் நிரோஜன் காரை டிரைவ்வேயில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசினான்.

"நான் போகப்போறன், நிரோ. என்ர லைசென்ஸ் இன்னும் இருக்கு" என்றாள் மேர்சி.

"அம்மா, நோ."

"ஐ.சி.யூவில இல்லையடா. போன் எடுக்கிற வேலை எண்டாலும்..."

"அம்மா, யூ ஆர் சிக்ஸ்டி நைன். அப்பாக்கு டயபிடீஸ். டெய்லி நான் பாக்கிறது எல்லாம் உங்கட வயசு ஆக்கள்தான். ப்ளீஸ். ஐ கான்ட் டூ மை ஜாப் இஃப் யூ ஆர் இன் தேர்."

முகக்கவசம் பதிந்த தழும்பு அவன் மூக்கில் புண்ணாகியிருந்தது. கண்ணாடி வழியாகவே அவளுக்குத் தெரிந்தது. அவள் போகவில்லை. அந்த மாதக் கடைசியில், அவளோடு பல வருடம் வேலை பார்த்த பிலிப்பீன்ஸ் நர்ஸ் ஒருத்தி அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகச் சேர்ந்து இறந்துபோனாள். மேர்சி சமையலறையில் நின்று ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அடுத்த வாரம் கென்னிடமிருந்து அழைப்பு வந்தது. அவனுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக ஒரு சிறிய பிளாட்டில் இருந்தான். பந்தயம் இல்லாவிட்டால் என்ன, வியாழக்கிழமை இருக்கிறதே என்றான். அவனிடம் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த வீடியோ கேசட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. பழைய டிவியில் அவற்றைப் போட்டு, டேப்லெட்டை அதற்கு நேரே திருப்பி வைப்பான். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து பார்க்கலாம். பந்தயம் தொடங்கும் அதே நேரம், மாலை ஏழரை. பிஸ்கட்டவேயில் பிற்பகல் இரண்டரை.

அப்படித்தான் ஆரம்பித்தது. திரையில் சிறுசிறு சதுரங்களில் முகங்கள் தெரிந்தன. பாலின், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், இரண்டு விதவைச் சகோதரிகள், இன்னும் சிலர். மேர்சியைத் தவிர ஒருவர்கூட எழுபதுக்குக் கீழே இல்லை. படம் ஆடும், கோடு விழும், சில நேரம் டிவிக்குப் பதிலாக கென்னின் முழங்கால் தெரியும். முப்பது வருடத்துக்கு முந்தைய பந்தயம் என்பதால் முடிவு யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. அது நல்லதாகப் போயிற்று. மேர்சிக்கோ எல்லாமே புதுசு. அவள் கடல் தாண்டிப் போன பிறகு நடந்த பந்தயங்கள் அவை.

மே மாதத்தில் ஒரு வியாழன் பஸ் டிரைவரின் சதுரம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. கடைசியில் கென் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரோய் செவ்வாய்க்கிழமை போய்விட்டார்" என்றான். கென் கேசட்டை முதலிலிருந்து மறுபடி போட்டான்.

ஞானேஸ்வரன் ஆரம்பத்தில் அந்த நேரத்துக்கு மாடிக்குப் போய்விடுவார். இலையுதிர் காலத்தில் சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் பேப்பரோடு உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்த மஞ்சள் தொப்பிக்காரன் ஏன் எப்பவும் வெளிப்பக்கத்தால போறான்?" என்று கேட்டார்.

"உள்பக்கம் எல்லாரும் போய்ப்போய் மண் வழுக்கிப்போச்சு. வெளியில பிடிமானம் கூட. தூரமும் கூட."

"அப்ப அது ஒரு கணக்குத்தான்" என்றார்.

"ஓம். ஆனா செக்கனுக்குள்ள போடவேணும்."

2021 ஜனவரி நடுவில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு வியாழன். கென் கேசட்டைப் போட்டுவிட்டு, வழக்கம்போல ஓட்டுபவர்களின் பெயர்களைச் சொன்னான். இரண்டு பெயர் சொல்லி மூச்சு வாங்கினான். மறுபடி ஒன்று சொல்லி நிறுத்தினான். மேர்சி மேசைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கென், டேப்லெட்டை உன் பக்கம் திருப்பு."

"பந்தயம் ஓடுகிறது, மேர்சி."

"திருப்பு."

திருப்பினான். விளக்கு வெளிச்சத்திலும் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். வெறும் சளி என்றான். ஒரே மூச்சில் தன் வீட்டு முகவரியைச் சொல்லச் சொன்னாள். தெருப் பெயர் வரைக்கும்தான் வந்தது. மேர்சி அவனோடு வாதாடவில்லை. அமெரிக்காவிலிருந்து அவளால் இங்கிலாந்தின் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. "பாலின், 999. இப்போதே. மூச்சுத் திணறல் என்று முதலில் சொல்" என்றாள். பாலின் எழுந்து போவது சதுரத்தில் தெரிந்தது. வண்டி வரும்வரை மேர்சி அவனைப் படுக்கவிடவில்லை. முன்னால் சாய்ந்து முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லி, மெல்ல மெல்ல மூச்சுவிட வைத்தாள். பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது. முகக்கவசமும் பிளாஸ்டிக் அங்கியும் போட்ட இருவர் வந்தார்கள். டிவியில் பந்தயம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை.

அவள் பயிற்சி பெற்ற அதே ஆஸ்பத்திரியில்தான் அவனைச் சேர்த்தார்கள். பாலினுக்குக்கூட உள்ளே போக அனுமதி இல்லை. பன்னிரண்டு நாள் இறுக்கமான மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிறகு வார்டிலிருந்து பாலினுக்கு போன் வந்தது. வென்டிலேட்டரை அவன் தாங்கமாட்டான், அவனும் வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டான், பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பாலின் மேர்சியை அழைத்தாள்.

"நான் பேசிவிட்டேன். அழத்தான் முடிந்தது. இனி நீ பேசு. உனக்கு இது பழக்கம்."

"இது யாருக்கும் பழக்கமாகாது, பாலின்" என்றாள் மேர்சி. ஆனால் பேசினாள்.

வார்டு சிஸ்டர் டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு கையுறை விரல்கள் திரையின் ஓரத்தில் தெரிந்தன. மாஸ்க்கின் இரைச்சலில் அவனால் பேச முடியாது. கண் திறந்திருந்தது. மேர்சி அவன் பெயரைச் சொன்னாள். ஜெபம் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். அவனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எழுபத்தாறு. மழையே பெய்யாத அந்தக் கோடை" என்று தொடங்கினாள். "கடைசிப் பந்தயம். இரண்டு அணியும் சமம். நம் அணி டெனிஸ் சிவப்புத் தொப்பியில், உள்பக்கம் நிற்கிறான். நீ பக்கத்தில் நின்று என் காலை மிதிக்கிறாய். நாடா எழும்பிவிட்டது, கென்."

நான்கு சுற்றையும் அவள் சொன்னாள். டெனிஸ் முதல் வளைவில் பின்தங்கியது, இரண்டாவது சுற்றில் வேலியோரமாக ஏறி வந்தது, ஒருவனை முந்தியது, கடைசி வளைவில் முன்னால் போனவனின் தோளோடு தோள் உரசியது. குரல் உயர்ந்தது. வாசலில் நின்ற ஞானேஸ்வரன் அந்தக் குரலை நாற்பது வருடத்தில் கேட்டதில்லை. கடைசி நேரோட்டத்தில் அவளுக்கு ஒரு கணம் நாக்கு தடுமாறியது. அன்று டெனிஸ் ஜெயிக்கவில்லை. அரைச் சக்கர அளவில் தோற்றான், அணியும் தோற்றது, கென் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவனுக்குத் தெரியும். பொய்யோடு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"அரைச் சக்கரம், கென். அரைச் சக்கரம்தான். இரண்டாவதாக வந்தான்."

போர்வைக்கு மேலே அவன் கை அசைந்தது. இரண்டு விரல் எழும்பியது.

"ஏதோ இரண்டு என்று காட்டுகிறார். என்ன கேட்கிறார் என்று தெரியவில்லை" என்றாள் சிஸ்டர்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மேர்சி. "ஓம் கென், இரண்டு புள்ளி. எழுதிவிட்டேன்."

தமிழில் 'ஓம்' என்று வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மறுநாள் காலை அவன் இறந்தான்.

இறுதிச் சடங்கு இணையத்தில் காட்டப்பட்டது. நாற்காலிகள் தூரம் தூரமாகப் போடப்பட்டிருந்தன, அவற்றில் பாதி காலி. பிஸ்கட்டவேயில் ஞானேஸ்வரன் ஷேவ் எடுத்து, டை கட்டிக்கொண்டு வந்து, மேர்சிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். முடிந்து திரை இருண்ட பிறகும் இருவரும் எழும்பவில்லை.

"ஒண்டு கேக்கட்டோ?" என்றார்.

"கேளுங்கோ."

"அவருக்கு உம்மில விருப்பம் இருந்ததோ?"

மேர்சி யோசித்தாள். "இருந்திருக்கும். அவன் ஒருநாளும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

அவர் தலையை ஆட்டினார். டையைத் தளர்த்தினார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளும் சத்தம் கேட்டது.

"83இல அந்த மனுசன் செய்ததுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை" என்றார்.

"சொல்லியிருந்தா வெக்கப்பட்டிருப்பான்."

"சரி" என்று சொல்லிவிட்டு, "தேத்தண்ணி போடட்டோ?" என்று எழுந்து போனார். அவர் தேநீர் போடுவது அபூர்வம். அன்று சீனி கூடிவிட்டது. அவள் முழுவதையும் குடித்தாள்.

அந்த மே மாதம் பந்தயங்கள் மறுபடி தொடங்கின. குறைந்த கூட்டம், முகக்கவசம், இடைவெளி. இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்ட பாலின் முதல் வியாழனே மைதானத்துக்குப் போனாள். மேர்சி வீட்டிலிருந்து நேரலையில் பார்த்தாள். இரண்டாவது வளைவைக் கேமரா கடந்த ஒவ்வொரு முறையும், நீலக் கோட்டு ஒன்று தனியாக நிற்பது ஒரு கணம் தெரிந்தது. நாரைகள் அன்று மோசமாகத் தோற்றார்கள். பாலின் போனில், "தோற்றதற்காக வைவதற்கு ஒரு ஆள் இல்லை, மேர்சி. அதுதான் தாங்கவில்லை" என்றாள். மேர்சி நாலு வார்த்தை வைதாள். பாலின் அழுதுகொண்டே சிரித்தாள்.

கென்னின் சாம்பலை பாலின் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாள். மேர்சி வரட்டும் என்றாள். பயணத் தடைகள் நீங்கியும் அவர்களால் உடனே போக முடியவில்லை. ஞானேஸ்வரனுக்குக் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இழுத்தது. நிரோஜனே கடைசியில் புண் ஆறியதைப் பார்த்துவிட்டு, "கோ, அம்மா. போயிட்டு வாங்கோ. டேக் அப்பா" என்றான். 2022 ஆகஸ்டில் இருவரும் வெல்பரோவில் போய் இறங்கினார்கள்.

மைதானம் அவள் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. கூரைத் தகரம் துருவேறிக் கிடந்தது. முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு நேரில் பார்த்த பாலினுக்கு முதுகு கூனி, இரண்டு கையிலும் ஊன்றுகோல். கட்டிப்பிடிப்பதற்காக ஒரு ஊன்றுகோலை ஞானேஸ்வரனிடம் கொடுத்தாள். அவர் அதை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் பந்தயத்துக்கு முன்னால், கூட்டம் வரத் தொடங்கும் நேரத்தில், கழகத்துக்காரர் ஒருவர் வேலிக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாவது வளைவின் வெளியோரம். பாலினால் குனிய முடியவில்லை. மேர்சிதான் குனிந்து தூவினாள். சாம்பல் செம்மண்ணில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. மைதானத்துக்காரர் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றார். பிறகு டிராக்டரை ஓட்டிவந்து, தண்ணீர் தெளித்து, மண்ணைக் கிளறிச் சமப்படுத்தினார். கோடு இருந்த இடம் தெரியவில்லை.

மூவரும் வேலியோரம் போய் நின்றார்கள். நாடா எழும்பியது. நான்கு வண்டிகளும் முதல் வளைவைத் தாண்டி இரண்டாவதில் வழுக்கித் திரும்பியபோது, பின்சக்கரங்கள் வாரி இறைத்த ஈர மண் வேலிக்கு மேலாக வந்து அவர்கள் தலையிலும் தோளிலும் விழுந்தது. ஞானேஸ்வரன் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பாலின் நகரவில்லை.

"எப்போதும் இப்படித்தான் அவன்" என்றாள். "சொல்லாமல் கொள்ளாமல் மேலே வந்து விழுவான்."

மேர்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது. ஞானேஸ்வரன் மண் தெறித்த கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையை எடுத்தார். துடைக்கப் போனவர் நிறுத்தி, அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டார். அடுத்த பந்தயத்துக்கு அவரே முன்னால் போய் நின்று, "சிவப்பு" என்று பாலினிடம் சொன்னார். சிவப்பு மூன்றாவதாக வந்தது.

பந்தயம் முடிந்து பாலின் வீட்டுக்குப் போனார்கள். பாலின் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் சிரமப்பட்டாள். மேர்சி கீழே உட்கார்ந்து கழற்றிவிட்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"இது எத்தனை நாளாக?" என்று கேட்டாள்.

"வயதாகிவிட்டால் வருவதுதான்."

"டாக்டரிடம் காட்டினாயா?"

பாலின் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மேர்சி கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பும் டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று விசாரிக்க அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேர்சி பாலினின் காலைத் தூக்கி ஒரு தலையணைமேல் வைத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு கிளினிக் திறப்பார்கள் என்று கேட்டாள்.